காற்று எங்கே போகிறது? பழைய எஸ்-கிளாஸின் ஏர் சஸ்பென்ஷனைச் சரிசெய்த அனுபவம்

பதினைந்து வயதான பென்ஸ் எஸ்-கிளாஸ் ஒன்று இன்று புது ஸ்விஃப்ட் விலைக்குக் கிடைக்கிறது. அந்த விலைக்கு ஏன் தள்ளிவிடுகிறார்கள் என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பட்டியலில் முதலிடம் பெரும்பாலும் ஏர் சஸ்பென்ஷனுக்குத்தான். என்னிடம் இருப்பது 2010 மாடல் எஸ் 350. பென்ஸ்காரர்கள் டபிள்யூ 221 என்று சொல்லும் தலைமுறை. கோவையில் வைத்து ஓட்டுகிறேன். இதன் முன்பக்கம் மொத்தத்தையும் மாற்றிச் சரிசெய்ததில் நான் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஏர் சஸ்பென்ஷன் என்றதும் ஏதோ ராக்கெட் சமாச்சாரம் போலப் பேசுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. சாதாரணக் காரில் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் ஒரு ரப்பர் பை இருக்கிறது. அதற்குள் காற்று. ஆம்னி பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு மேலே பார்த்தால் கறுப்பாக உப்பிக்கொண்டு ஒரு பெல்லோ தெரியுமே, அதே தத்துவம்தான். பென்ஸ் 1961-லேயே 300 எஸ்இ காரில் இதைப் போட்டுவிட்டது. ஏர்மேட்டிக் என்ற பெயரில், எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு, 1998-ல் வந்த எஸ்-கிளாஸில் வந்தது. என் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பெல்லோவும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். முன் பம்பர் பக்கம் உள்ளே ஒரு மின்சாரக் கம்ப்ரசர், காற்றைச் சேர்த்துவைக்க ஒரு டேங்க், எந்தச் சக்கரத்துக்குக் காற்று போக வேண்டும் என்று பிரித்துவிடும் வால்வ் பிளாக், உயரத்தைப் பார்த்துச் சொல்லும் சென்சார்கள், இவற்றை மேய்க்கும் கம்ப்யூட்டர். அவ்வளவுதான். டயரில் 33 பி.எஸ்.ஐ. வைக்கிறோம் என்றால், இந்தப் பைக்குள் அதைப்போல மூன்று மடங்கு அழுத்தம் சாதாரணமாக இருக்கும். வேலை செய்யும்போது இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது.

என் வண்டியில் பிரச்சினை தொடங்கிய விதம் இந்த வகைக் கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலையில் பார்த்தால் முன் இடது பக்கம் படுத்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் முன்னால் 'உர்ர்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் எழுந்து நேராகிவிடும். அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் தெரியாது. "ஸ்டார்ட் பண்ணா ஏறிடுதுல்ல, அப்புறம் என்ன?" என்று இந்தக் கட்டத்தில்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். பணம் கரைவதும் இந்தக் கட்டத்தில்தான். தினமும் கசிகிற காற்றை ஈடுகட்ட அந்தச் சின்னக் கம்ப்ரசர் கூடுதலாக ஓடுகிறது. கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்த சாமான் அது. அதற்குள் இருக்கும் பிஸ்டன் வளையம் சூட்டில் தேய்ந்து, ஒரு நாள் காற்றைத் தள்ளும் பலம் போய்விடும். அன்றைக்கு மீட்டரில் சிவப்பு எழுத்தில் 'நிறுத்து, வண்டி மிகத் தாழ்வு' என்ற பொருளில் செய்தி வரும். அப்போது வொர்க்ஷாப்பில் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் கம்ப்ரசர் கோளாறு என்றுதான் காட்டும். கம்ப்ரசரை மாற்றுவார்கள். கசிவு அப்படியே இருக்கும். புதுக் கம்ப்ரசரும் அதே வழியில் போகும்.

எனக்கும் முதலில் காட்டிய இடத்தில் கம்ப்ரசருக்குத்தான் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். காற்று எந்த வழியாகப் போகிறது என்று கேட்டேன். ஸ்கேனரில் அது வராது சார் என்றார்கள். அது உண்மைதான், ஸ்கேனரில் வராது. ஆனால் அளக்கும் டேப்பும் சோப்புத் தண்ணீரும் இருந்தால் தெரிந்துவிடும்.

முதலில் டேப். சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து நேர் மேலே ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) விளிம்பு வரை அளந்து எழுதிவைக்க வேண்டும். தரையில் இருந்து அளக்காதீர்கள். டயரில் காற்று கூடக் குறைய இருந்தால் கணக்கு தப்பாகும். மறுநாள் காலையில் திரும்ப அளக்க வேண்டும். இதில் முக்கியமான ஒன்று, அளந்து முடிக்கும் வரை ரிமோட்டைத் தொடக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. கதவு திறந்ததுமே கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு மட்டம் பார்க்கத் தொடங்கிவிடும்; டேங்கில் காற்று இருந்தால் நாம் குனிவதற்குள் தூக்கியும் விடும். இன்னும் சுத்தமான விடை வேண்டுமென்றால், ராத்திரி ஏர் சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸைக் கழற்றிவைத்துவிட்டுப் போங்கள். அப்போது கம்ப்யூட்டரின் கைவேலை எதுவும் இல்லாமல், எந்த மூலை தானாக இறங்குகிறது என்பது மட்டும் தெரியும்.

என் வண்டியில் முன் இடது நன்றாக இறங்கியிருந்தது. முன் வலது ஒரு விரல் அளவு. பின்னால் இரண்டும் அசையவில்லை.

ஒரு மூலை இறங்குகிறது என்றால் காற்று மூன்று இடங்களில் போகலாம்: ரப்பர் பை, குழாய் சேரும் பித்தளை நட், அல்லது வால்வ் பிளாக்கின் உள்ளே. மூன்றுக்கும் விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் இங்கே அவசரப்படக் கூடாது. நான் போன மெக்கானிக் அண்ணன் பஸ் பெல்லோ வேலையில் வளர்ந்தவர், பிறகுதான் காருக்கு வந்தவர். பென்ஸ், ஆடி என்றெல்லாம் அவருக்குப் பயமே இல்லை. "பஸ்ஸுனா என்னங்க, பென்ஸுனா என்னங்க, காத்து ஒண்ணுதானுங்களே" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் நுரை கட்டக் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றினார்.

சோப்புத் தண்ணீர் அடிப்பதிலும் ஒரு முறை உண்டு. வண்டியை உயர்த்தும் பொத்தானை அமுக்கி, முழு உயரத்தில் ஒரு தடவையும் சாதாரண உயரத்தில் ஒரு தடவையும் பார்க்க வேண்டும். பெல்லோ ஒரு இடத்தில் மடிந்து உருளும். விரிசல் அந்த மடிப்பில்தான் விழும். ஒரு உயரத்தில் விரிசல் திறந்து கசியும், இன்னொரு உயரத்தில் மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும். ஒரே உயரத்தில் பார்த்துவிட்டு 'கசிவு இல்லை' என்று சொல்வது இதனால்தான் நம்ப முடியாதது. முன் ஸ்ட்ரட்டில் இன்னொரு தொல்லை, பெல்லோ நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் தூசு போகாமல் இருக்க ஒரு ரப்பர் உறை உண்டு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவைத்து, அந்த உறையின் ஓரமாக அடித்துவிட்டு டார்ச் பிடித்துக் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு இடது பக்கம் உறையின் கீழ் விளிம்பில் பொடிப்பொடியாக வெள்ளை நுரை கோத்துக்கொண்டு வந்தது. பெரிய குமிழி எதுவும் இல்லை. இரவு முழுக்க வண்டியைப் படுக்கவைக்க அந்த அளவு கசிவே போதும்.

வலது பக்கம் நுரை வரவில்லை. ஆனாலும் ஒரு விரல் இறங்கியதே? அதற்கு அண்ணன் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியை அதன் எடையைத் தாங்கும் ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றை இறக்கி, வால்வ் பிளாக்கில் முன் இடதுக்கும் வலதுக்கும் போகும் குழாய்களை இடம் மாற்றி மாட்டினார். ஸ்கேனர் மூலம் இரண்டிலும் காற்றை நிரப்பி, ஃபியூஸை எடுத்துவிட்டு இரவு விட்டார். கசிவு பக்கம் மாறினால் கோளாறு வால்வ் பிளாக்கில். அதே பக்கம் நின்றால் ஸ்ட்ரட்டில் அல்லது அதற்குப் போகும் குழாயில். எங்களுக்கு அதே பக்கத்தில்தான் நின்றது. வலது ஸ்ட்ரட்டும் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே நாளில் மாட்டிய ரப்பர், ஒரே வெயில், ஒரே சாலை. ஒன்று போனால் மற்றது பின்னாலேயே வரும். முன்பக்கம் என்றால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

குழாயைக் கழற்றியபோது ஒன்று கண்ணில் பட்டது. நுனியில் இரண்டு சொட்டுத் தண்ணீர், கூடவே வெள்ளையாக மாவு போல ஏதோ. கம்ப்ரசரோடு சேர்ந்து ஒரு டிரையர் இருக்கும்; அதற்குள் சிலிகா ஜெல் மணிகள், காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்கு. கம்ப்ரசர் கண்டபடி ஓடினால் மணிகளுக்கு உலர நேரம் இருக்காது. ஈரத்தில் ஊறி நொறுங்கிப் பொடியாகிவிடும். அந்தப் பொடி குழாய் வழியாக வால்வ் பிளாக்குக்குப் போய், வால்வின் உட்காரும் பரப்பில் ஒட்டிக்கொண்டால், வால்வ் சரியாக மூடாது. பெல்லோவில் ஆரம்பித்த சின்னக் கசிவு, கம்ப்ரசரைத் தின்று, டிரையரைத் தின்று, கடைசியில் வால்வ் பிளாக்குக்கும் போவது இப்படித்தான். அதனால் எல்லாக் குழாய்களையும் காய்ந்த காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, டிரையர் மணிகளையும் மாற்றினோம்.

இனி ஸ்ட்ரட் வாங்குவது. கம்பெனிப் பெட்டியில் வரும் புது ஸ்ட்ரட் ஒரு பக்கத்துக்கே ஒரு லட்சத்தைத் தாண்டிய விலை சொன்னார்கள். அடுத்தது, ஜெர்மனியின் பில்ஸ்டைன், அமெரிக்காவின் ஆர்னாட் போன்றவை தரும் மாற்று ஸ்ட்ரட்கள். இவற்றில் புதிதாகச் செய்தவையும் உண்டு, பழைய ஒரிஜினல் உடம்பில் புது பெல்லோ போட்டு வருபவையும் உண்டு. மூன்றாவது, பெயரே இல்லாத பெட்டியில் வரும் மலிவு ஸ்ட்ரட். நான்காவது, சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கிடைக்கும் கழற்றிய பழையது. கடைசி இரண்டையும் நான் தொடவில்லை. பழையதில் இருக்கும் ரப்பரும் என் வண்டியின் ரப்பர் வயதுதானே, அதை வாங்கி என்ன செய்வது? மலிவு ஸ்ட்ரட்டில் பெல்லோ நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் இந்தக் காரின் ஷாக் அப்சார்பர் சாலைக்கு ஏற்ப மின்சார வால்வால் இறுக்கம் மாற்றிக்கொள்ளும் வகை. மலிவு சரக்கில் கோட்டை விடும் இடம் பெரும்பாலும் அதுதான். நான் புது பெல்லோ போட்டு வந்த ஒரிஜினல் உடம்பையே எடுத்தேன். வெளியில் இருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது அப்புறம் மலிவாக இருக்காது.

ஆர்டர் போடும் முன் வண்டிக்கு அடியில் ஒரு தடவை பார்த்து, பழைய ஸ்ட்ரட்டின் மேல் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கர இழுவை உள்ள வண்டிக்கு முன் ஸ்ட்ரட் வேறு. சில எஸ்-கிளாஸ்களில் ஏர்மேட்டிக்கே கிடையாது, ஏபிசி என்ற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். அது ஆயில் சமாச்சாரம், இந்தக் கட்டுரை அதற்கு ஒத்துவராது.

காற்றை ஒரேயடியாக எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாமே என்று அண்ணனே ஒரு கட்டத்தில் கேட்டார்.

"காயில் போட்டுட்டா பத்து வருஷத்துக்குக் கவலை இல்லைங்க சார்."

"அப்புறம் இந்த வண்டிய எதுக்குண்ணா வெச்சுக்கணும், இன்னோவாவே வாங்கிக்கலாமே."

சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மாதம் ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் ஓடும் வண்டி, மலைக் கிராமத்துக்குப் போய்வரும் வண்டி என்றால் காயில் ஒரு நேர்மையான தீர்வு. ஆனால் உயரம் மாற்றும் வசதி போகும், தானாக இறுக்கம் மாற்றும் ஷாக் போகும், மீட்டரில் எச்சரிக்கை வராமல் இருக்கக் கம்ப்யூட்டரை ஏமாற்ற வேண்டியிருக்கும். இந்தக் காரை நான் வாங்கியதே அந்த மிதக்கும் ஓட்டத்துக்காக.

மாற்றும் வேலையில் புத்தகத்தில் உள்ளதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. மேலே பானட்டுக்குள் மூன்று நட், கீழே ஆர்மில் ஒரு போல்ட், ஷாக்குக்கு ஒரு மின்சார பிளக், ஒரு காற்றுக் குழாய். மேல் ஆர்மைக் கழற்றி ஒதுக்கினால் ஸ்ட்ரட் வெளியே வந்துவிடும். கவனிக்க வேண்டியவை வேறு.

ஸ்டாண்டு போடாமல், ஜாக்கை மட்டும் நம்பி இந்த வண்டியின் சக்கர வளைவுக்குள் தலையை விடாதீர்கள். காற்று இறங்கினால் உடம்பு அப்படியே கீழே வரும், எச்சரிக்கையே இருக்காது. ஃபியூஸை எடுத்துவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். குழாய் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, 'உஸ்' சத்தம் அடங்கும் வரை ஒதுங்கி நில்லுங்கள்.

புது ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு பித்தளை வால்வ் பொருத்தியே வரும். பெல்லோவின் வடிவம் கெடாமல் இருக்க உள்ளே கொஞ்சம் காற்றைப் பிடித்துவைப்பது அதுதான். கைதுறுதுறுப்பில் அதைக் கழற்றிவிடாதீர்கள். குழாயின் பழைய நுனி நசுங்கியிருந்தால் கூரான பிளேடால் நேராக வெட்டி, கூடவே வரும் புது நட்டைப் போடுங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் கோணலாகும், அங்கே ஒரு புதுக் கசிவு பிறக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, காற்று நிரப்பாமல் வண்டியின் எடையைப் புது ஸ்ட்ரட் மேல் இறக்கக் கூடாது. காலிப் பை எடையில் தாறுமாறாக மடங்கி நசுங்கும். போட்ட பணம் அந்த ஒரு நிமிடத்தில் போய்விடும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேனர் மூலம் அந்த மூலைக்குக் காற்றை ஏற்றி, பை உப்பி மடிப்பு ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் ஜாக்கை இறக்க வேண்டும். ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்களைக் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டி தன் சாதாரண உயரத்தில் நின்ற பிறகு. தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்; உயரத்தில் நிறுத்தி இறுக்குவதை நிறையக் கடைகளில் செய்வதே இல்லை. அப்புறம் ஸ்கேனரில் உயரத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்து, அலைன்மென்ட் பார்த்தோம்.

கழற்றிய இடது ஸ்ட்ரட்டைக் கடையிலேயே அறுத்துப் பார்த்தோம். தூசு உறையில் ஒரு கிழிசல். அதன் வழியாக உள்ளே போன செம்மண் தூள் மடிப்பில் ஒரு பிடி சேர்ந்திருந்தது. பெல்லோ ரப்பர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் மடிப்பை எதிர்ப்பக்கம் வளைத்ததும் முடி முடியாக விரிசல்கள் வாயைத் திறந்தன, உள்ளே நூல் வலை தெரிந்தது. விரலில் கறுப்பு மை போல ஒட்டிக்கொண்டது. அந்த உறை கிழிந்த அன்றைக்கே யாராவது பார்த்திருந்தால் இந்தப் பை இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். சர்வீஸ் விடும்போது சக்கர வளைவுக்குள் தூசு உறையைப் பார்க்கச் சொல்லுங்கள், காசு ஆகாத வேலை.

கம்ப்ரசரை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கசிவு நின்ற பிறகுதான் அதைச் சோதித்தோம். தூக்கும் வேகம் குறைந்திருந்தது; வளையம் தேய்ந்துவிட்டது. வளையமும் சிலிண்டரும் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டதில் பழைய பலம் வந்துவிட்டது. கூடவே ரிலேயை மாற்றினோம். கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னச் சாமான் அது. அதன் உள் தகடு சூட்டில் ஒட்டிக்கொண்டால் வண்டியை அணைத்த பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்து எரிந்துவிடும். சில நூறு ரூபாய்ச் சாமானை மிச்சம் பிடித்துவிட்டு, பல ஆயிரம் ரூபாய்ச் சாமானைப் பலிகொடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

வழியில் ஒரு மூலை முழுக்கப் படுத்துவிட்டால், மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். டயர் உள் பிளாஸ்டிக்கைத் தேய்த்து, திருப்பத்தில் ஃபெண்டரையே பிடித்துவிடும். பிளாட்பெட் லாரியை வரச் சொல்லுங்கள். பம்பர் தரையை ஒட்டி இருக்கும் என்பதால், சாய்தளத்தின் அடியில் வைக்க இரண்டு பலகையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பம்பரைப் பெயர்த்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள்.

பின்பக்கம் இப்போதைக்கு அசையவில்லை. மாதம் ஒரு முறை காலையில் டேப் வைத்துப் பார்க்கிறேன். அதுவும் ஒரு நாள் வரும். அதற்கான பணத்தை இப்போதிருந்தே தனியாக எடுத்துவைக்கிறேன். இந்த மாதிரி கார் வைத்திருந்தால் அது பெட்ரோல் செலவு போலத்தான், வரும் என்று தெரிந்தே வாங்குகிறோம்.

நீங்கள் இப்படி ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக வைத்துக்கொண்டு வரவேற்றால் அன்றைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள். முதல்நாள் சாயங்காலமே போய் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை வருகிறேன், அதுவரை கதவைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் திரும்ப அளந்துவிட்டு, ஸ்டார்ட் செய்து, உயர்த்தும் பொத்தானை அமுக்கி எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். பானட்டின் முன்னால் நின்று கம்ப்ரசர் எப்போது நிற்கிறது என்று கேளுங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்பக்க இரண்டு ஸ்ட்ரட், கம்ப்ரசர் கிட், ரிலே, கூலி எல்லாவற்றையும் கூட்டி விலையில் கழித்துக் கேளுங்கள். ஒரு ராத்திரி நிறுத்திவைக்க விற்பவர் ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால், வேறு வண்டி பார்க்கலாம்.